அந்த இடி சுத்தமானதுதானா?

லூமிஸ் டேக்கெட் என் வீட்டு ஏசியைப் பழுதுபார்க்க வந்தவன், கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைக் கருவிப்பெட்டியின் மேல் விரித்துப் போட்டுவிட்டுக் கூரைக்கு ஏறினான். இருபத்தொன்பது வருஷம் இந்த ஊர்த் தபால் நிலையத்தில் மூடிய கடிதங்களை மட்டுமே தொட்டவள் நான். திறந்த கடிதம் ஒன்று கண் முன்னால் கிடந்தால் படிக்காமல் விட நான் என்ன துறவியா? அவன் மேலே இரண்டு திருகாணியைக் கழற்றுவதற்குள் இரண்டு முறை படித்துவிட்டேன்.

நவம்பர் எட்டாம் தேதி டோம்பிக்பி கல்லூரியோடு நடக்கும் ஆட்டத்தின் இடைவேளையில், எங்கள் கல்லூரியின் 1987ஆம் வருஷத்து அமெரிக்க ஃபுட்பால் அணியைக் கௌரவிக்கப் போகிறார்களாம். எல்லோருக்கும் கடைசியாக லூமிஸ் மட்டும் தனியாக மைதானத்தின் நடுவே நடந்து வர வேண்டுமாம். ஆனால் லீக்கின் புதிய பாதுகாப்பு விதிகள் காரணமாக அந்தக் குறிப்பிட்ட காட்சி பெரிய திரையில் காட்டப்படாதாம். வருந்துகிறார்களாம்.

எங்கள் ஊரில் அதை யாரும் 'குறிப்பிட்ட காட்சி' என்று சொல்வதில்லை. 'அந்த இடி' என்போம். நாங்கள் கோவேறு கழுதைகள், டோம்பிக்பிக்காரர்கள் கொக்குகள். அணிப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். இங்கே ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆவதற்கு முன்பே அது கழுதையா கொக்கா என்பது முடிவாகிவிடும். பதினொரு வருஷமாகக் கொக்குகளிடம் தோற்றுத் தோற்று வெளியூரில் தலைகாட்ட முடியாமல் கிடந்தோம். அந்த வருஷம் கடைசி இரண்டு நிமிஷத்தில் நாங்கள் நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். கொக்குகளின் ஆர்டெல் மோப்ளி பந்தைப் பிடிக்க நடுவில் எம்பினான். எங்கிருந்தோ ஓடி வந்த லூமிஸ் அவனை அந்தரத்திலேயே இடித்தான். பந்து ஒரு பக்கம், ஆர்டெல் ஒரு பக்கம் விழ, நாங்கள் ஜெயித்தோம்.

ஊருக்கு அதைவிடப் பிடித்தது அதற்குப் பின்னால் நடந்ததுதான். ஆர்டெல் எழுந்தான், நடந்தான், நேராக வந்து எங்கள் அணியின் பெஞ்சில், எங்கள் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டான்! லூமிஸ் அவனிடம் போய் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொடுத்து, எதிர்ப்பக்கம் கையை நீட்டி, 'உன் இடம் அங்கே, போ' என்று காட்டினான். மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கை நீட்டி நிற்கிற அந்தப் படம் இன்றைக்கும் ஊர் பார்பிக்யூ கடையின் சுவரில் தொங்குகிறது. அங்கே ஒரு பன்றிக்கறி சாண்ட்விச்சுக்கு 'லூமிஸ் இடி' என்றே பெயர்.

இந்தப் பருவத்தில் லீக் மூன்று விதிகளைக் கொண்டுவந்தது. ஹெல்மெட்டின் உச்சியால் இன்னொருவன் தலையிலோ கழுத்திலோ இடித்தால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார். வீடியோவில் பார்த்து உறுதியானால் இடித்தவன் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியே. அடிபட்டு விழுந்தவன் மருத்துவர் சொல்லாமல் மறுபடி இறங்கக் கூடாது. இந்த இரண்டையும் ஊர் முணுமுணுத்துக்கொண்டே விழுங்கியது. மூன்றாவதுதான் தொண்டையில் சிக்கியது. அப்படிப்பட்ட இடிகளை, பழையதோ புதியதோ, திரையில் போட்டுக் கொண்டாடக் கூடாது.

எனக்கு வேடிக்கையாக இருந்தது விதிகள் அல்ல, எங்கள் ஜனங்கள்தான். எங்கள் சபையில் ஒரு தாய். மகன் கழுதைகள் அணியில் ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமை சபைச் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டே கேட்டேன்.

"விதி எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்ல விதி, மிஸ் வெர்லீன். என் புள்ளையோட தலை எனக்கு முழுசா வேணும்ல?"

அடுத்த சனிக்கிழமை இன்னொருத்தியின் மகனை வெளியே அனுப்பினார்கள். இதே தாய் பெஞ்சின் மேல் ஏறி நின்று நடுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அது ஒரு இடியா? எங்க வீட்டுப் பூனை அதைவிட பலமா இடிக்கும்!"

"போன வாரம் நல்ல விதின்னு சொன்னியேம்மா?" என்றேன்.

"அது வேற, இது வேற," என்றாள் மூச்சு வாங்க.

சமையலறையில் எல்லோரும் விதியின் பக்கம். மைதானத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கம். ஒரே வாய், ஒரே வாரம். நானும் கத்தினேன், மறைப்பானேன். இது எப்படி என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சூடானதுதான் மிச்சம். லூமிஸ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குப் போனால் கேட்டார்கள், சபைக்குப் போனால் கேட்டார்கள், "நீ என்ன சொல்றே லூமிஸ்?" என்று. அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு "பார்ப்போம்" என்பான். ஐம்பத்தொன்பது வயசு, கதவை அடைக்கிற தோள், அதற்குள் இப்படி ஒரு பூட்டிய வாய். எனக்குத் தாங்கவில்லை.

எட்டாம் தேதி காலை, ஆட்டத்துக்கு முன்னால் கூடித் தின்னும் எங்கள் கூடாரத்தை மைதானத்துக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, வழக்கமான இடத்தில் போட்டோம். ஆட்டம் இரண்டரைக்குத்தான். ஆனால் விடிகாலையிலிருந்தே கறி புகையில் கிடந்தது. வெள்ளைச் சாஸில் முக்கியெடுத்த கோழி, ஒரு அண்டா அவித்த வேர்க்கடலை, வண்டியின் பின்புறத்தில் பெரிய டிவி. பதினைந்து பேர் இருந்தோம். அதில் சத்தம் போடுகிறவன் ட்ரிப், காப்பீட்டு முகவர். 87இல் அவனுக்கு இரண்டு வயசு. பேச்சைக் கேட்டால் லூமிஸுக்கு வழிகாட்டியதே அவன்தான் என்று தோன்றும்.

ட்ரிப் ஒரு பெட்டி நிறைய பனியன் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். மார்பில் பெரிதாக 'இடியைக் காட்டு' என்று எழுதியிருந்தது.

"திட்டம் என்னன்னா, இடைவேளையில லூமிஸ் நடுவுல வந்து நிக்கறான். நாம எல்லாரும் எழுந்து 'காட்டு! காட்டு!'ன்னு கத்தறோம். காட்டற வரைக்கும் ஆட்டம் நடக்கக் கூடாது. லூமிஸ், நீயும் நகரக் கூடாது. அப்படியே நில்லு."

லூமிஸ் வேர்க்கடலைத் தோலை ஒவ்வொன்றாகக் காகிதத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே பேசினான்.

"அது சுத்தமான இடியா?"

"எது?"

"நான் இடிச்சது. இன்னைக்கு இருக்கிற விதிப்படி. சுத்தம்னா நானே மைக்கைப் புடுங்கி 'காட்டுங்க'ன்னு கேக்கறேன். இல்லன்னா நான் மைதானத்துல காலே வைக்கல. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

 கூடாரமே கொண்டாட்டமானது. இதென்ன பெரிய விஷயம், ரிவ்யூ தானே! நம்மிடம் டிவி இருக்கிறது, அந்த ஆட்டத்தின் பதிவு இருக்கிறது, ஏன், நடுவரே இருக்கிறார்! ஹாய்ட் கிரென்ஷா முப்பது வருஷம் பள்ளி ஆட்டங்களிலும் சின்னக் கல்லூரி ஆட்டங்களிலும் நடுவராக இருந்தவர். அவர் தந்த தீர்ப்புகளுக்காக அவரோடு பேசாத குடும்பங்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன. யாரோ ஒரு போர்வையைக் கொண்டுவந்து ஹாய்ட்டின் தலையையும் டிவியையும் சேர்த்து மூடினார்கள், வெயில் திரையில் அடிக்காமல் இருக்க. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"யாராவது என் முதுகைத் தொட்டீங்க, உங்களையும் வெளிய அனுப்பிடுவேன்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்று நாங்கள் சிரித்துக்கொண்டே செய்தோம். கொக்குகள் ஊரில் இப்படி ஒரு முட்டாள்தனம் நடக்காது. நாங்கள் ஜெயிப்போம் என்று அவ்வளவு நிச்சயம் எங்களுக்கு.

டிவிக்காரர்கள் அன்று எடுத்த காட்சியை ஹாய்ட் ஐந்து முறை பார்த்தார். அது லூமிஸின் முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. முதுகும், ஆர்டெலின் கால்கள் மேலே பறப்பதும்தான் தெரியும். எது எதில் பட்டது என்று தெரியாது. ஹாய்ட் போர்வையை விலக்கி வெளியே வந்தார்.

"தெளிவா தெரியல. தெளிவில்லன்னா அன்னைக்குக் களத்துல சொன்னதுதான் தீர்ப்பு. அன்னைக்கு யாரும் துணி வீசல. அதனால சுத்தம்!"

ட்ரிப் லூமிஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். யாரோ பனியனை அவன் தலை வழியாக மாட்டப் பார்த்தார்கள். லூமிஸின் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்தவன் முகம் அல்ல அது. விடை கேட்டு வந்தவனுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பின மாதிரி நின்றான்.

என் கைப்பையில் இன்னொரு காட்சி இருந்தது. என் கணவர் ராய்ஸ் அந்தக் காலத்தில் தோளில் தூக்கும் பெரிய கேமரா ஒன்றை வாங்கி, எல்லா ஆட்டங்களையும் எங்கள் இருக்கையிலிருந்தே எடுப்பார். கடிதத்தைப் படித்த மறுநாளே அந்த நாடாவைத் தேடி எடுத்து, கடையில் கொடுத்து, விரல் நீள யூஎஸ்பி குச்சி ஒன்றில் ஏற்றி வாங்கிவிட்டேன். ஆனால் பார்க்கவில்லை. ராய்ஸ் போய் நான்கு வருஷம் ஆகிறது. அதில் அவர் குரல் இருக்கும். தனியாகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எது எதில் பட்டது என்று தெரியாமல் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

"ஹாய்ட், இன்னொரு பக்கத்திலிருந்து எடுத்தது ஒண்ணு என்கிட்ட இருக்கு," என்றேன்.

"மிஸ் வெர்லீன், தீர்ப்பு சொல்லியாச்சு. விடுங்களேன்," என்றான் ட்ரிப், பல்லைக் கடித்துக்கொண்டு.

"போடுங்க," என்றான் லூமிஸ்.

போர்வையை எடுத்துவிட்டோம். பதினைந்து பேரும் வண்டியைச் சுற்றி நெருங்கினோம். ராய்ஸின் குரல் வந்தது. "வெர்லீன், கொஞ்சம் நகரு, உன் தொப்பி மறைக்குது." எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஆர்டெல் எம்புகிறான். இரண்டு கையும் மேலே. எங்கள் இருக்கை டிவி கேமராவுக்கு எதிர்ப்பக்கம் என்பதால் லூமிஸ் எங்களை நோக்கி ஓடி வருகிறான். கடைசி இரண்டு அடியில் தலையைக் குனிந்துகொள்கிறான். ஹெல்மெட்டின் உச்சி ஆர்டெலின் தாடைக்குக் கீழே போய்ச் செருகுகிறது. தோள் எதிலும் படவே இல்லை.

ஹாய்ட் இரண்டாம் முறை போடச் சொல்லவில்லை.

"தலை," என்றார். "வெளியே."

பிறகு ஆரம்பித்தது பாருங்கள். ட்ரிப் குதித்தான்.

"அப்போ இந்த விதியே கிடையாதே! இல்லாத விதிக்கு எப்படிங்க தண்டனை?"

"அவன் கேட்டது இன்னைய விதிப்படி. நான் சொன்னதும் இன்னைய விதிப்படி."

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் இடிச்சாங்க! அப்படித்தான் சொல்லியும் குடுத்தாங்க!"

"ஆமா, சொல்லிக் குடுத்தாங்க. நான்கூடப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன், துணிய பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டு. அதனால அவன் தாடை இரும்பாயிடுமா?"

"நீங்க எப்பவுமே கொக்குங்க பக்கம்தான், ஹாய்ட்!"

"முப்பது வருஷமா இதைத்தான் கேட்டுட்டிருக்கேன். புதுசா ஏதாவது சொல்லு."

லூமிஸ் இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "நிறுத்தாதீங்க, ஓடட்டும்," என்றான்.

ஓடியது. ஆர்டெல் எழுந்திருக்க மூன்று முறை முயல்கிறான். நாங்கள் கதை சொல்லும்போது அந்த மூன்று முறை ஒருநாளும் வந்ததில்லை. எழுந்து, கால் பின்ன நடந்து வந்து, எங்கள் பெஞ்சில் உட்காருகிறான். சிரிப்பு வெடிக்கிறது. லூமிஸ் தண்ணீர்க் கோப்பையோடு அவனிடம் போகிறான். ஆர்டெலின் உதடு அசைகிறது. லூமிஸ் குனிந்து காதைக் கொடுக்கிறான். ஆர்டெல் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, ஏனென்றால் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பெண் கொக்கரித்துச் சிரிக்கிறாள். அவள் நான்தான். இருபத்தொன்பது வயசு வெர்லீன், மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டு, "ராய்ஸ், பாருங்க, பாருங்க, நம்ம பெஞ்சுல!" என்கிறாள்.

திரையில் லூமிஸ் எதிர்ப்பக்கம் கையை நீட்டினான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் தூக்கினான். நான் அங்கே நிறுத்திவிட்டேன். எனக்கு முகம் எரிந்தது. கூடாரத்தில் யாரும் சிரிக்கவில்லை, ட்ரிப் உட்பட.

"அவன் உன்கிட்ட என்ன சொன்னான் லூமிஸ்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவன் போட்டிருந்த 87 அணியின் பழைய மேல்சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலி மேல் வைத்தான்.

"நான் இறங்கல. நீங்க எல்லாரும் போங்க, ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது."

கெஞ்சிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். "ஊரே உன் பேரைச் சொல்லிக் காத்துக்கிட்டிருக்கு, இப்படிக் கவுத்துட்டியே," என்றான் ட்ரிப். அவன் கோபம் உண்மையிலேயே எங்கள் எல்லோர் கோபமும்தான். முப்பத்தெட்டு வருஷமாக எங்களிடம் இருந்த ஒரே பெருமையை நாங்களே டிவியில் போட்டு உடைத்துவிட்டோம். குச்சியைக் கொண்டுவந்த என்னையும் யாரும் அன்பாகப் பார்க்கவில்லை. இரண்டே காலுக்கு எல்லோரும் மைதானத்துக்குள் போய்விட்டார்கள். நான் போகவில்லை. லூமிஸைத் தனியே விட மனமில்லை என்று சொல்லலாம். ஆர்டெல் என்ன சொன்னான் என்று தெரியாமல் நகர மனமில்லை என்பது இன்னும் கொஞ்சம் உண்மை.

வண்டி ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்டோம். மைதானம் கூப்பிடு தூரம்தான். அங்கே கத்துவது முதலில் காற்றில் வரும், நான்கு எண்ணுவதற்குள் அதே கத்தல் ரேடியோவில் வரும். இரண்டாவது கால் பகுதியில் ஒரு பெரிய ஊளை கிளம்பியது. என்னவென்று தெரியாமல் இருவரும் ரேடியோவைப் பார்த்தோம். எங்கள் பையன் ஒருவன் மேல் மஞ்சள் துணி. தலையால் இடித்தானாம். வெளியே அனுப்பிவிட்டார்களாம். ஊளை நிற்கவே இல்லை. அடிபட்ட கொக்குப் பையன் இன்னும் தரையில்தான் இருக்கிறான் என்று ரேடியோக்காரர் சொல்லும்போதும் நிற்கவில்லை.

லூமிஸ் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான்.

"மிஸ் வெர்லீன், ஆர்டெல் இப்போ எங்க இருக்கான்? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் மேற்கே எழுபது மைலில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையின் விளம்பரத்தில் அந்தப் பெயரைப் பார்த்து, வெட்டி வைத்திருந்தேன். அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது, என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. எண் என் போனில் இருந்தது. நானே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் வேர்க்கடலைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தேன்.

"மோப்ளி பேசறேன்."

"சார், என் பேரு லூமிஸ் டேக்கெட்."

அந்தப் பக்கம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்டம்தான்.

"எந்த லூமிஸ் டேக்கெட்டு?" என்றது குரல். பிறகு, "அட, வேற எந்த லூமிஸ் டேக்கெட்டு இருக்கான்! யோவ், இன்னைக்கு உனக்கு மரியாதை பண்றாங்கன்னு ரேடியோவுல காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கானே, நீ எனக்கு போன் பண்ணிட்டிருக்கே?"

"நான் போகல."

"ஏன்?"

லூமிஸ் என்னைப் பார்த்தான். 

"எப்படி இருக்கீங்க?" என்றான் லூமிஸ்.

"இருக்கேன். வெயில் ஒத்துக்காது, கறுப்புக் கண்ணாடி. பேரெல்லாம் மறந்து போகும். அது இடியால இல்ல, பிறவியிலேயே அப்படித்தான்னு என் பொண்டாட்டி சொல்றா. நீ எப்படி இருக்கே?"

"ஏசி ரிப்பேர் பண்றேன்."

"நல்ல தொழிலாச்சே. இங்க பாரு, நீயே கூப்பிட்டதால கேக்கறேன். எனக்கு அன்னைக்குக் காலையில முட்டை தின்னது ஞாபகம் இருக்கு. அடுத்தது செவ்வாய்க்கிழமைதான். நடுவுல ஒண்ணுமே இல்ல. எங்க ஊர்ல முப்பத்தெட்டு வருஷமா இதே சண்டை. டிவியில பார்த்தா தெரிய மாட்டேங்குது. நீ சொல்லு. அது சுத்தமா, இல்லையா?"

மைதானத்தில் முரசு கொட்ட ஆரம்பித்தது. இடைவேளை.

"இல்ல," என்றான் லூமிஸ். "தலையாலதான் இடிச்சேன். தோள்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். எனக்கே அப்படித்தான் தோணிச்சு. இன்னைக்குப் பார்த்தேன். தலைதான்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, நிஜமான சிரிப்பு. "அம்மா! ஒத்துக்கிட்டான்மா!" என்று அவன் உள்ளே பார்த்துக் கத்தினான். பிறகு எங்களிடம், "போச்சு, இனி இவங்களைக் கையில புடிக்க முடியாது. எண்பத்திரண்டு வயசு. அன்னைலேர்ந்து இதையேதான் சொல்லிட்டிருக்காங்க. இரு, போனைக் கேக்கறாங்க."

மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. லூமிஸ் தொப்பியைக் கழற்றினான்.

"நீதானா அது?"

"ஆமாங்கம்மா."

"இடிச்சதை விடு. அது எனக்கு அப்பவே தெரியும். எனக்கு வேற ஒண்ணு கேக்கணும். அவன் உங்க பெஞ்சுல வந்து உக்காந்தான். நீ தண்ணி குடுத்தே. அவன் ஏதோ சொன்னான், நீ குனிஞ்சு கேட்டே. நான் அந்தக் கோடியிலேர்ந்து பார்த்துட்டுதான் இருந்தேன். என்னப்பா சொன்னான்? இவனைக் கேட்டா ஞாபகம் இல்லேங்கறான். இத்தனை வருஷமா கேக்க ஆளில்ல எனக்கு."

ட்ரிப் ஓடி வந்தான், முகமெல்லாம் வியர்வை. "லூமிஸ், எல்லாரையும் கூப்பிட்டாச்சு, உன் பேருதான் பாக்கி, வந்து தொலை..." நான் கையைத் தூக்கி அவனை நிறுத்தினேன். ஒலிபெருக்கியில் லூமிஸின் பெயர் வந்தது. நான்கு எண்ணியதும் ஆர்டெல் வீட்டு ரேடியோ வழியாக, போனுக்குள்ளிருந்து அதே பெயர் வந்தது.

"'எங்கம்மா எந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க?'ன்னு கேட்டார்மா," என்றான் லூமிஸ். "நான் கையை நீட்டிக் காட்டினேன். போடான்னு சொல்லல. நீங்க இருந்த பக்கத்தைத்தான் காட்டினேன். ஆனா எல்லாரும் சிரிச்சாங்க. கதை அவங்களுக்குப் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு, நானும் அப்படியே விட்டுட்டேன்."

அவள் குரல் போனுக்கு இன்னும் நெருங்கி வந்தது.

"நான் எழுந்து நின்னு கையை ஆட்டினேன். அவன் பார்த்தானா?"

லூமிஸ் வாயைத் திறந்தான். ஆமாம் என்று சொல்லப் போகிறான் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தெரியாதும்மா," என்றான். "நான் அப்போ எங்க கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிட்டேன். கையைத் தூக்கிட்டு நின்னேன்."

ஒலிபெருக்கி இரண்டாம் முறை அவன் பெயரைக் கூப்பிட்டது. ட்ரிப் அசையவில்லை. மைதானத்தில் 'காட்டு, காட்டு' என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். போனில் நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. அவள் போனை வைக்காமல் எங்கேயோ கீழே போட்டுவிட்டு நடந்து போயிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் குரல் தூரத்திலிருந்து வந்தது.

"ஆர்டெல்," என்றாள். "நீ என்னைத்தாண்டா கேட்டிருக்கே."

அவன் என்ன பதில் சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. லூமிஸ் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தபடி நின்றான். நாங்கள் யாரும் அதை அணைக்கவில்லை.